இருட்டு வீடியோ

மௌலா அலி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் பின்பக்க பால்கனியில் நாலு மணி வெயில் சாய்ந்து விழுகிறது. பக்கத்து வீட்டு மைதிலி நீட்டும் போனை, அவரைக்காய் நார் ஒட்டிய விரல்களால் வாங்கிக்கொள்கிறாள் கனகம். "ஆனைமலைக் காடு, அக்கா. மரம் பூரா மின்மினி. எல்லாம் ஒண்ணா எரிஞ்சு ஒண்ணா அணையுது." இரண்டு பேரின் கணவர்களுக்கும் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை, ஒரே எல்.டி.சி. பயணச் சலுகைதான். மைதிலி அதில்தான் ஆனைமலை போய் வந்திருக்கிறாள். கனகத்தின் கணவர் பத்மநாபன் இருபத்தாறு வருஷமாக அதில் அவளைக் கூட்டிப்போவது தஞ்சாவூருக்கு, தன் அக்கா வீட்டுக்கு. அங்கேயும் அவளுக்கு அடுப்படிதான். வீடியோ ஓடுகிறது. ஒரே இருட்டு. கறுத்த திரையில் கனகத்தின் மூக்குத்திதான் மின்னுகிறது. "ஒண்ணுமே தெரியலையேடி," என்கிறாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது. "ஹவ் அக்கா, ஆமா, போன்ல விழவே இல்ல," என்று சிரிக்கிறாள் மைதிலி. அப்போது அந்த இருட்டுக்குள்ளிருந்து மைதிலியின் கணவன் குரல் தணிந்து கேட்கிறது: "குளிருதா? இந்தா, என் ஸ்வெட்டரைப் போட்டுக்கோ." மைதிலி வெட்கத்தோடு போனுக்குக் கை நீட்டுகிறாள். கனகம் கொடுக்கவில்லை. "இரு, பூச்சி சரியாத் தெரியலை," என்று முதலிலிருந்து மறுபடி ஓடவிடுகிறாள், சத்தத்தைக் கூட்டி.