எது எங்கே இருக்கணும்

“நம்ம ஒழுங்கு வேணாம் அபி. எல்லாரும் யூஸ் பண்ற ஃபிரேம்வொர்க் தானா போட்டுக் கொடுக்குற ஃபோல்டர் வரிசையே போதும். எல்லா ப்ராஜெக்டையும் அதுக்கு மாத்திடு.”

அபிநயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேங்கிக்காலில், மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் எந்த இணையதளம் தொடங்கினாலும், எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்பது முதலாளி பலராமன் தானே யோசித்து வகுத்தது. வெளி ஆள் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. அவருக்கும் அவளுக்கும்தான் அத்துப்படி.

“நீங்க பார்த்துப் பார்த்துப் பண்ணதாச்சே சார்? எதுக்கு மாத்தணும்?”

“புதுசா ஒருத்தர் வந்தா, வந்த அன்னிக்கே எது எங்க இருக்குன்னு தெரியணும்.”

“ஆள் எடுக்குறீங்களா?”

“எடுத்துதான் ஆவணும்.” அவள் முகத்தைப் பார்க்காமலே பையை எடுத்தார். “வேலூர்ல கிளையன்ட்டைப் பார்க்கணும். வர்றேன்.”

எப்போது பார்த்தாலும் வேலூர்! அங்கேயே ஆளையும் பார்த்து வைத்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு பேருக்குச் சம்பளம் தாங்குகிற கம்பெனியா இது? இத்தனை வருஷம் உழைத்தவளைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போடப் போகிறார். அதற்கான வேலையையும் அவள் கையாலேயே செய்ய வைக்கிறார்.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலாக இடம் மாற்றினாள். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது.

பலராமன் மாடிப்படியில் நின்று நின்று ஏறி வந்தார்.

“முடிச்சிட்டேன் சார். இனிமே யார் வேணா பார்த்துக்கலாம்.” திரையை அவர் பக்கம் திருப்பினாள். “என்னை எப்ப நின்னுக்கச் சொல்றீங்க?”

“உன்னையா?” பலராமன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அலுவலகச் சாவியை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தார். “ஆள் எடுக்கப் போறதே நீதாம்மா. என் இடத்துல இனி நீ, உனக்கு ஒத்தாசைக்கு ஒருத்தர். நம்ம ஒழுங்கை ஒருத்தருக்கு உக்காந்து கத்துக் கொடுக்க எனக்கு நேரம் இல்ல.”

“நேரம் இல்லையா? ஏன் சார், நீங்க எங்க போறீங்க?”

பலராமன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

“வேலூர்ல நான் பார்த்தது கிளையன்ட்டை இல்லம்மா, டாக்டரை. இந்த வருஷம் கார்த்திகை தீபம் பார்க்க இருப்பேனான்னு அவரால சொல்ல முடியல.”