கடல் புகுந்த கிடார்

லூர்துமேரி கிடாரை முந்தானையால் மறுபடியும் துடைத்து நீட்டினாள். துடைக்கிறாளா, எதையாவது மறைக்கிறாளா என்று கௌதமனுக்குச் சந்தேகம் வந்தது.

"நல்லா பாத்துக்க தம்பி. அப்புறம் வந்து குறை சொல்லக் கூடாது" என்றாள்.

கௌதமனுக்கு அப்படி ஒரு சின்ன உடம்புக் கிடார்தான் தேவைப்பட்டது. பகலில் கோட்டக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வேலை, சாயங்காலம் புதுச்சேரியில் கிடார் வகுப்பு. அவனுக்குக் கை குட்டை. வகுப்பில் இருந்த பெரிய கிடாரைப் பிடித்தால் தோள் தூக்கிக்கொண்டது. சொந்தமாக ஒன்று கொண்டு வராவிட்டால் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். புதியது வாங்க வசதி இல்லை. பழையதில் ஏமாந்தால் வகுப்பு அதோடு சரி.

அதனால்தான் மரக்காணம் வரை பஸ் ஏறி வந்திருந்தான்.

வீட்டுக்காரர் மரியதாஸ் உப்பளத்தில் வேலை பார்ப்பவர். மகள் மேரிசெல்வி கோயில் பாட்டுக் குழுவில் வாசிக்கிற கிடார் அது. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள்; அதற்குள் அது வீட்டை விட்டுப் போயாக வேண்டும் என்பது மரியதாஸின் முடிவு. கிடாரும் கையுமாகத் திரிகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று வாங்க வந்தவனிடமே கேட்டார். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மேரிசெல்வி தலையைத் தூக்கவில்லை.

கௌதமன் ஒழுங்காக ஆரம்பித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தான். நேராக இருந்தது. கம்பிகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்திருக்கிறதா என்று அதன் அடியில் பஸ் டிக்கெட்டை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. ஒவ்வொரு கம்பியையும் கழுத்து நெடுக அழுத்தி அழுத்தி மீட்டினான். எங்கேயும் கரகரப்பு இல்லை. உப்புக் காற்றில் சீக்கிரமே கருத்துப்போகும் கம்பிகள்கூடப் பளிச்சென்று இருந்தன.

குறை இல்லாததுதான் அவனைப் பயமுறுத்தியது. இவ்வளவு நல்ல பொருளை இத்தனை மலிவாக ஏன் தருகிறார்கள்? அல்லது தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ?

"போன டிசம்பர்ல சுனாமி வந்தப்ப இது எங்க இருந்துச்சுங்க?" என்று கேட்டான்.

மரியதாஸ் சிரித்தார். "அதை ஏன் கேக்குற? ஊரே ரேஷன் கார்டையும் நகையையும் தூக்கிக்கினு ஓடுது. இவ கிடாரைத் தலையில வச்சிக்கினு ஓடுறா."

கைக்கு அதுதான் கிடைத்தது என்றாள் லூர்துமேரி, வெடுக்கென்று.

கதை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே கௌதமன் நம்பவில்லை. கிடாரைக் காதோரம் வைத்து மெல்லச் சாய்த்தான். உள்ளே ஏதோ சரசரவென்று உருண்டது.

பையிலிருந்து டார்ச்சை எடுத்து வட்ட ஓட்டைக்குள் அடித்தான். மூலையில் வெள்ளையாகத் தெரிந்தது. கவிழ்த்து ஆட்டியதில் சில துண்டுகள் உள்ளங்கையில் விழுந்தன. ஒன்றை நாக்கில் வைத்தான். உப்பு.

"உள்ள கடல் தண்ணி போயிருக்குதுங்க."

லூர்துமேரி கையெடுத்துக் கும்பிட்டாள். "மாதா மேல சத்தியமா இது மேல ஒரு சொட்டுத் தண்ணி படல." அப்படியென்றால் உப்பு எப்படி வந்தது என்று அவன் கேட்டதற்கு, உப்பளத்து ஊரில் காற்றிலேயே உப்பு வரும் என்றாள். அதை அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மரியதாஸ் எழுந்து வந்தார். உப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலிடுக்கில் வைத்து நசுக்கினார். அவர் முகம் மாறியது.

"காத்துல வர்றது மாவு மாதிரி இருக்கும். இது கல்லு. தண்ணி அசையாம நின்னு, நின்னு காஞ்சாதான் இம்மாம் பெரிசா கட்டும்." மனைவி பக்கம் திரும்பினார். "யாருகிட்ட கதை உடுற? பொழுதன்னிக்கும் இதுலதான நிக்கிறேன் நானு."

லூர்துமேரி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இன்னும் குறைத்துக் கேட்டுப் பார்க்கலாமா என்று கௌதமனுக்கு ஒரு சபலம் தட்டியது. மரியதாஸ்தான் தடுத்தார். உப்புத் தண்ணீர் குடித்த மரத்தில் பசை நிற்காது, மழைக்காலம் வந்தால் பலகை பலகையாகக் கழன்று வந்துவிடும், தெரிந்தே அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையில் கட்ட மாட்டேன் என்றார்.

"அப்போ வேற யாருக்காச்சும்..." என்று கௌதமன் இழுத்தான்.

"யாருக்கும் கெடையாது தம்பி. மூலையில கெடக்கட்டும். பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட வீணாப்போன சாமான்னு சொல்லிக்கிறேன்."

கௌதமன் டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். தப்பித்தோம் என்ற நிம்மதியும், இனி எங்கே போய்த் தேடுவது என்ற கவலையும் பஸ் நிறுத்தம் வரை அவனோடு நடந்தன. மரியதாஸ் மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு, உப்பு வாரும் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அளத்துக்குப் போனார்.

மேரிசெல்வி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிஜமாகவே கெட்டுப் போய்விட்டதா என்று அம்மாவைக் கேட்டாள்.

லூர்துமேரி அதை வாங்கி ஒரு முறத்தின் மேல் கவிழ்த்தாள். கடைசிக் கல் விழும்வரை ஆட்டிவிட்டு மகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பெரிய கல்லா பாத்துப் பாத்துப் பொறுக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணே பூத்துப் போச்சுடி."