முன் ஷாக்

"கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா? இப்ப அதக் கழட்டி இன்னாயா பண்ணப் போற?"

வாசலில் நின்று கத்தினாள் அம்மணி. தெருவுக்கே கேட்கிற குரல். துக்கத்துக்கு வெட்கம் ஏது? தகரப் பெட்டியில் துணிமணிகளை அடுக்கிப் பூட்டியாகிவிட்டது. இன்று படவேட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போனால் போனதுதான். திரும்பி வருவதாக இல்லை.

அவள் புருஷன் மணவாளன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டு முதலாளியின் நூலைத் தறிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை; வீட்டில் அம்மணியும் தறி நெய்வாள். அதற்காக முதலாளி தான் ஓட்டிக் கழித்த மோட்டார் சைக்கிளை அவனிடம் தள்ளிவிட்டிருந்தார். அறுபத்தெட்டு மாடல், பதினைந்து வயதுக் கிழம். என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை உருவிச் சுவரில் சாய்த்துவிட்டு, பள்ளத்தில் வண்டி குலுங்காமல் தாங்கும் முன் ஷாக்கின் குழாயைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"சீல் போயிருக்குது அம்மணி. ஆயில் நிக்கறதில்ல. அதான் பாக்கறேன்."

"அத அன்னிக்கே பாத்திருந்தா எம்புள்ள இருந்திருக்குமில்ல?"

மணவாளன் குழாயைத் துணியால் துடைத்தான்.

போன மாதம் ஏழு மாத வயிற்றோடு இருந்தவள், காலையில் எழுந்ததும் "லேசா வலிக்குது" என்றாள். வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினான். ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு பள்ளம். வண்டி தடாலென்று இறங்கியது. அம்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தையை உயிரில்லாமல் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

"ஷாக்கு போயி ரொம்ப நாளாச்சு. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்" என்று அவனே அவள் கட்டிலருகில் நின்று அழுதான். அன்று மூடிய மனதை அவள் இன்னும் திறக்கவில்லை. பாவம், அவளும் வேறு யார் மேல் கோபப்படுவாள்?

"எங்கண்ணன் வந்துகினு இருக்குது. லாரி ஷெட்டுல வேலை செய்யற ஆளு. அது பாத்தா உன் லட்சணம் தெரிஞ்சிடும்னுதானே ஜல்தியா சரி பண்ணி வெக்கற? மூடி மறைக்கப் பாக்கறியா?"

"வரட்டும் அம்மணி. வந்து பாக்கட்டும்."

சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைக் குழாயின் வாய்க்குள் விட்டு நெம்பினான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நெம்பினான்.

தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். அதில் படாமல் சுவரோரமாக நடந்து வந்தான் வேடியப்பன், அம்மணியின் அண்ணன். வந்த வேகத்தில் மணவாளனின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"எந்தங்கச்சிய கண்ணு மாதிரி வெச்சிக்கறேன்னு சொல்லித்தானே கட்டிகினு வந்த? ஒரு சீல் மாத்தத் துப்பில்ல உனக்கு!"

"அடிங்க மச்சான். எம்மேலதான் தப்பு."

"அந்த ஆளு கிட்ட இன்னா பேச்சு? நீயே வண்டியப் பாருண்ணா" என்றாள் அம்மணி.

வேடியப்பன் சட்டையை விட்டுவிட்டுக் குந்தினான். குழாயை எடுத்து, எண்ணெய் கசியாமல் பிடித்து நிறுத்தும் அந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவினான். மறுபடியும் தடவினான். மண்ணில் ஊறிக் கிடந்த எண்ணெயைத் தொட்டு மூக்கருகில் கொண்டுபோனான். வரும்போது இருந்த கோபம் முகத்தில் இல்லை.

"அம்மணி, குடிக்கத் தண்ணி கொண்டா."

அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"மாப்ள, தேஞ்ச சீலுன்னா ரப்பர் வெறைச்சிப் போயிருக்கும், சுத்தி ஒரே மாதிரி தேஞ்சிருக்கும். இது மெத்துமெத்துன்னு இருக்குது, ஒரு எடத்துல மட்டும் கிழிஞ்சிருக்குது. ஆயிலும் புதுசு. நல்லா இருந்த ஷாக்க நீயே இப்பதான் கெடுத்து வெச்சிருக்கற. இன்னா பேஜாரு இது?"

மணவாளன் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தான்.

"நீங்க பாத்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னுதான் மச்சான் கிழிச்சேன். இந்த ஷாக்கு அன்னிக்கும் நல்லாத்தான் இருந்திச்சி."

"அப்ப ஏன்யா பழிய உந்தலையில போட்டுகினு நிக்கற?"

"டாக்டரம்மா என்னைத் தனியா கூப்ட்டு சொன்னாங்க. நாங்க வண்டியில ஏறறதுக்கு முன்னாடியே உள்ள கொழந்தைக்கு உசுரு இல்லியாம். மொத நாள் சாயங்காலம் கால் வெச்சி நெய்யற தறிக்குழியிலேருந்து மேல ஏறும்போது வழுக்கி வுழுந்தா. அதுலதான் போயிருக்குது. 'வயித்துப் புள்ளையோட தறியில உக்காராத'ன்னு எவ்ளோ சொன்னேன். இந்தப் பொடவைய முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன்னு அவதான் புடிவாதமா உக்காந்தா. இது தெரிஞ்சா அவ கெணத்துலதான் மச்சான் வுழுவா." மறுபடி வாசலைப் பார்த்தான். "என்னை வெறுத்துட்டுப் போனா போவட்டும். எங்கியாவது உசுரோட இருந்தா போதும்."

சொம்புத் தண்ணீரோடு அம்மணி வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, பாத்தியா?"

வேடியப்பன் எழுந்தான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"பாத்தேம்மா. ஷாக்கு எப்பவோ செத்துப்போச்சு. எல்லாம் இந்தப் பாவியாலதான். வா, போலாம்."