ஃப்ரிட்ஜ் விளம்பரம்

"ஏங்க, அந்தப் பழைய ஃப்ரிட்ஜை எப்பதான் அனுப்பப் போறீங்க?" பால் கவரைக் கத்தரித்தபடி கேட்டாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாங்க. பாத்துட்டு எடுத்துக்குவாங்க," என்றான் அவன்.

"நல்லதாப் போச்சு. ராத்திரி பூரா உறுமல். இருக்குறதுலயே நல்ல ரூமை அடைச்சுக்கிட்டு வேற."

ஃப்ரிட்ஜ் ரூமில் இல்லை. சமையலறையில், அவள் முதுகுக்குப் பின்னால், பளபளவென்று நின்றது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

'பழைய ஃப்ரிட்ஜ்' என்பது அவனுடைய அப்பா. குறட்டைக்கும் இருமலுக்கும் சேர்த்து மருமகள் சூட்டிய பெயர். தானே கட்டிய வீட்டில் நல்ல ரூமை அவரே வைத்துக்கொண்டார் என்பது அவளுடைய நெடுநாள் வருத்தம். ஆனாலும் முதியோர் இல்லம் என்று வாய்விட்டுச் சொன்னால் அவர் மனசு கஷ்டப்படுமே! இருவருக்கும் அவ்வளவு இளகிய மனசு.

அன்று மாலையே அவன் போனில் ஃப்ரிட்ஜ் விளம்பரங்கள் வந்து குவிந்தன. ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் சலுகை.

"பாத்தியா? சனியன் ஒட்டுக்கேக்குது!"

"அது கேட்டாப் பரவாயில்ல. மாமா கேக்காம இருந்தாச் சரி."

"அவருக்கு எங்க கேக்குது? பக்கத்துல நின்னு கத்தினாலே ரெண்டு தடவை 'என்னது'ங்குறாரு."

அப்பா ஹாலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, டேப்லெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். புதுசு வாங்கியபோது அவன் அவர் தலையில் கட்டிய பழசு. தன் ஈமெயில் கணக்கைக்கூட அதிலிருந்து எடுக்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தான். பாசம் என்று வந்துவிட்டால் இதையெல்லாமா பார்ப்பார்கள்?

போனின் மைக் துளையில் பிளாஸ்திரி ஒட்டினான். மறுநாள் போனில் நடந்த ஆபீஸ் மீட்டிங்கில் அவன் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒருவரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜ் விளம்பரங்கள் நின்றுபோயின. அவன் வெற்றிக் களிப்போடு போனை மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"'இருவருக்கு ஏற்ற சின்ன வீடு, உடனே குடிபோகலாம்.' சின்ன வீடா? யாருங்க அந்த இன்னொருத்தி?"

"ஐயோ, போன் எதையோ தப்பாக் கேட்டிருக்கு!"

"பிளாஸ்திரி ஒட்டின போனா? ஃப்ரிட்ஜுன்னு பேசினோம், ஃப்ரிட்ஜ் வந்துச்சு. சின்ன வீடுன்னு யார்கிட்டப் பேசினீங்க?"

"உன்னைத் தவிர நான் யார்கிட்டடி பேசறேன்? ஆபீஸ்லகூட யாருக்கும் கேக்கல!"

ஹாலில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "அவனைத் திட்டாதம்மா. இந்த டேப்லெட்ல அதைத் தேடினது நான்தான். ஃப்ரிட்ஜைத் தேடினதும் நான்தான்."

இருவரும் திரும்பினார்கள்.

"மாமா... உங்களுக்குக் காது..."

"வேண்டியது கேக்கும்மா. பழசு உறுமுதுன்னு பேசிக்கிட்டீங்களே, நம்ம பென்ஷன்ல புதுசு ஒண்ணு வாங்கித் தரலாம்னுதான் தேடினேன். அப்புறம் ஃப்ரிட்ஜுமேல காதை வெச்சுப் பாத்தேன். சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மண்டையில ஏறுச்சு, உறுமுறது யாருன்னு."

மருமகள் திடீரென்று அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவனுக்கு ஒரு நிமிடம் வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்பா தானாகவே கிளம்புகிறார்! ஞாயிற்றுக்கிழமை அழுகை மிச்சம், இல்லத்துக்கு மாதா மாதம் அழுவதும் மிச்சம். முகத்தை முடிந்தவரை சோகமாக்கிக்கொண்டான்.

"எதுக்குப்பா இதெல்லாம்? இந்த வயசுல தனி வீடு எடுத்துக்கிட்டு, ஒத்தை ஆளா எப்படி இருப்பீங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"எனக்கில்லடா. உங்க ரெண்டு பேருக்கும்."