வயர்லெஸ்ஸிடம் சொன்ன இடம்

வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ததேயு, மனுஷியைப் போலத் தானே பதில் பேசும் படகு வயர்லெஸ்ஸிடம் மட்டும் ஓயாமல் பேசுவான். ஒருநாள் கடலில் இருந்தபோது, வீட்டிலிருக்கும் பெட்டிக்குப் பேச்சைக் கொண்டுபோகும் லைனை அணைக்க மறந்துவிட்டான். அடுக்களையில் மீன் அரிந்துகொண்டிருந்த அவன் மனைவி பிலோமி எல்லாவற்றையும் கேட்டாள்.

"மாதா கோயில் கோபுரமும் மலையோட ரெட்டைக் கொம்பும் ஒண்ணா சேருத எடத்துல கீழ பாறை இருக்கு. மீனு மண்டிக் கெடக்கும். உங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்."

"யாரிடமும் சொல்ல மாட்டேன், ததேயு" என்று குழைந்தது வயர்லெஸ்ஸின் பெண்குரல். பிலோமி தன் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர் அது.

அவளுக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டியிடம்கூட அந்தக் கரையில் எவனும் தன் பாறையைச் சொல்வதில்லை. பதினெட்டு வருஷமாக அதைச் சொல்லித்தான் அவள் வாயை அடைத்திருந்தான். கத்தியைப் போட்டுவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அந்தப் பாறைக்கு மேல் பதினோரு படகுகள் நின்றன.

தான் சொல்லவே இல்லை என்று வயர்லெஸ் கெஞ்சியது. ததேயு அதைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். வீட்டுக்கு வந்து பிலோமியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏட்டி, இன்னொரு பாறை இருக்கு. இனி உங்கிட்ட மட்டுந்தான் சொல்லுவேன்."

பிலோமி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெள்ளச் சொல்லுங்க" என்றாள்.