குணாளனின் காப்பு

புக்கிட் பெலண்டோக் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் வாசலில் மதிய வெயில் பளீரென்று கிடக்கிறது. நாளை தீமிதி. டிராக்டர் ஓட்டும் குணாளன் காப்புக் கட்டிப் பதினைந்து நாளாக ஒருவேளை உண்கிறான். இன்று அதுவும் நாலு வாழைப்பழம்தான். வாயில் கெட்ட வார்த்தை வந்தால் பூசாரி காப்பை அவிழ்த்துவிடுவார், தீயில் இறங்க முடியாது. தமிழ், மலாய், சீனம் என மூன்று மொழியில் வைது பழகிய வாய் அது. அவன் கை கழுவத் திரும்பிய நொடியில் செம்பனை மரத்திலிருந்து இறங்கிய குரங்கு நாலு பழத்தையும் அள்ளிக்கொண்டு மதிலேறி உட்கார்கிறது. பூக்கட்டும் பெண்களின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. பூசாரி குத்துவிளக்கைத் துலக்குவதை விட்டு நிமிர்கிறார். குணாளனின் கழுத்து நரம்பு புடைக்கிறது, மணிக்கட்டிலிருக்கும் மஞ்சள் காப்புக் கயிற்றை மறு கையால் பிடித்துக்கொள்கிறான். குரங்கு நிதானமாக உரித்து, தோலை அவன் தலையில் போடுகிறது. அவன் கண்ணை மூடித் திறக்கிறான். “சாமி, மெதுவா சாப்பிடுங்க லா. விக்கிக்கப் போவுது.” வாசலே சிரிப்பில் குலுங்குகிறது. கையில் பாதி கட்டிய சரத்தோடு அவன் மனைவி ரோகினி எழுந்து வருகிறாள். “பூசாரி ஐயா, கல்யாணமாகி பன்னெண்டு வருசத்துல என்கிட்ட ஒரு நாள்கூட இப்படி அன்பா பேசினதில்ல. தீமிதி முடிஞ்சாலும் அந்தக் காப்ப அவுத்துறாதீங்க!”