கயிறு பொறுக்காத சாதி

அவள் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

குதிரை நடுங்கியது. அதன் கழுத்தில் இதுவரை கயிறு பட்டதே இல்லை.

ஆளின் மார்புக்கு மேல் வளராத மட்டக்குதிரை அது. குட்டைக் கால். பானை வயிறு. பிடரியிலிருந்து வால் வரைக்கும், மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. லாடம் அடிக்காத குளம்பு; மழைக்கு வழுக்கும் பாறையிலும் ஊன்றி நிற்கும். இந்த மலையில் அந்தச் சாதியில் இது ஒன்றுதான் மிச்சம்.

பொல்லாத சாதி என்பார்கள் கீழ்நாட்டில். ரோஷக்காரச் சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. மூட்டையை ஏற்றிவிட்டுப் போ என்றால் போதும், தானே அடிவாரம் போய்த் தானே திரும்பி வரும். கட்டிப்போட்டால் மட்டும் பொறுக்காது. ஒரே ஒருவரைத்தான் தன் ஆள் என்று வைத்துக்கொள்ளும்.

அந்த ஆள், அவள் புருஷன், சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறான்.

அவன் படுத்ததிலிருந்து குதிரை மேயப் போகவில்லை. வெளிச்சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றது.

ஊருக்கே தெரிந்த சங்கதி அது. தன் ஆளுக்கு உயிர் இருக்கும்வரை இந்தச் சாதிக் குதிரை நகராது. நகர்ந்துவிட்டால் யாரும் உள்ளே போய் மூக்கில் கை வைத்துப் பார்ப்பதில்லை. பாடைக்கு மூங்கில் வெட்டப் போய்விடுவார்கள்.

இருட்டுவதற்குள் பிணத்தை எடுத்துவிட வேண்டும். ஊர்க்கட்டு. இருட்டிய பிறகு தெரிந்தால் மட்டும் காலை வரைக்கும் வைத்திருப்பார்கள். சுடுகாட்டுப் பாதையில் யானை நிற்கும்.

மகன் குழந்தைவேல் திருப்பூரில் பஸ் ஏறிவிட்டான் என்று மத்தியானம் தகவல் வந்தது. எப்படி வந்தாலும் காலையில்தான் மலை ஏற முடியும்.

அப்பன் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று இறங்கிப் போனவன்.

சற்று முன்னால் குதிரை சுவரை விட்டு விலகியது. சரிவைப் பார்த்துத் திரும்பி நடந்தது.

அவள் வீட்டுக்குள் ஓடவில்லை. குதிரையின் பின்னால் ஓடினாள். பிடரியைப் பிடித்து இழுத்து வந்தாள். சன்னல் கம்பியில் கட்டினாள்.

முகட்டுக்கு மேல் சூரியன் இன்னும் ஒரு முழம் இருந்தது.

வீரணன் வந்தான். புருஷனுக்குப் பங்காளி, தம்பி முறை. அவனும் உள்ளே போகவில்லை. அவன் பார்க்க வந்தது குதிரையைத்தான்.

பார்த்தான்.

பிடரி மயிருக்குள் போன கயிறு தெரிந்தது. இழுத்து இழுத்து ரோமம் உதிர்ந்த கழுத்து தெரிந்தது. கால் சரிவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அவள் தலை நிமிரவில்லை.

வீரணன் போர்த்தியிருந்த கம்பளியை உருவினான். குதிரையின் கழுத்தில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டான். கயிறு மறைந்தது.

"பனி இறங்குது மதினி. குதிரை நிக்குதுன்னு கீழ சொல்லிப்புடுறேன்."

வெற்று முதுகோடு இறங்கிப் போனான்.

சூரியன் முகட்டுக்கு அந்தப் பக்கம் போனது. கீழ் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு வந்தது. யாரும் மேலே வரவில்லை. தன் கை தனக்கே தெரியாத இருட்டு கட்டும்வரை அவள் அசையவில்லை.

பிறகு தடவித் தடவி முடிச்சை அவிழ்த்தாள்.

குதிரை உடனே போகவில்லை. திரும்பியது. அவள் தோளைக் கவ்வி, பல் பதியக் கடித்தது.

விட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

தோளைப் பிடித்துக்கொண்டு அவள் மண்ணில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவளால் வாய்விட்டு அழ முடிந்தது.